கடைத்தெருவும் காட்சிதான்

(நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



வெளிநாட்டுப் பயணம் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டார்கள். ஒரே ஒரு ஊரைப் பற்றி மட்டும் பேசுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். அந்த ஊர் பாங்காக். சென்னையிலிருந்து சுமார் மூன்றரை மணி நேர விமானம். 2023 நவம்பரில் இந்தியர்களுக்கு விசா விலக்கு கொடுத்த பிறகு நம் பக்கத்துக் குடும்பங்கள் நிறையப் போகின்றன. முன்பு துணி வியாபாரிகளும் நண்பர் கூட்டங்களும் போய்வந்த ஊருக்கு இன்று பாட்டியும் பேரனும் சேர்ந்து போகிறார்கள். எனக்கு இது பெரிய மகிழ்ச்சி. அப்படிப் போகிறவர்களுக்காகத்தான் இந்தப் பேச்சு.

நம் வீடுகளில் பயணத்துக்கு முன்னால் இரண்டு பட்டியல் தயாராகும். ஒன்று, பார்க்க வேண்டியவை: அரண்மனை, சயனப் புத்தர், மிதக்கும் சந்தை. இன்னொன்று, வாங்க வேண்டியவை: பிள்ளைகளுக்குச் சட்டை, அக்கா மகளுக்குக் கைப்பை, பக்கத்து வீட்டுக்கு ஏதாவது ஒன்று. முதல் பட்டியல் உயர்வு, இரண்டாவது சற்றுத் தாழ்வு என்று ஓர் எண்ணமும் கூடவே வரும். அரண்மனைக்கு எல்லோரும் கிளம்புவார்கள். கடைக்கு என்றதும் பாதிப் பேர் ஹோட்டல் அறையிலேயே தங்கிவிடுவார்கள். இந்தப் பிரிவினை பாங்காக்கில் செல்லாது என்று நான் நினைக்கிறேன். அந்த ஊர் பிறந்த விதமே அப்படி.

1782-இல் முதலாம் ராமர் என்ற அரசர் சாவ் பிராயா ஆற்றின் மேற்குக் கரையில் தொன்புரியில் இருந்த தலைநகரைக் கிழக்குக் கரைக்கு மாற்றினார். அரண்மனை கட்ட அவர் தேர்ந்தெடுத்த இடத்தில் அப்போது சீன வணிகர்கள் குடியிருந்தார்கள். அவர்களைக் கொஞ்சம் தெற்கே போய்க் குடியேறச் சொன்னார். அவர்கள் போய்க் கடை போட்ட இடம் சம்பேங். அரண்மனையும் கடைத்தெருவும் ஒரே ஆண்டில், ஒரே உத்தரவில் பிறந்தவை. ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றொன்றை விட்டுவிட்டு வருபவர் பாதி ஊரைத்தான் பார்த்திருக்கிறார்.

இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு நிபந்தனை இருக்கிறது. மெதுவாக நடக்க வேண்டும். குடும்பத்தில் யார் மிக மெதுவாக நடப்பாரோ அவருடைய நடைதான் எல்லோருடைய நடையும். எங்களோடு வந்த அம்மாவுக்கு முழங்கால் வலி. ஆகவே ஒரு நாளைக்கு ஒரு வட்டாரம் என்று வைத்துக்கொண்டோம். காலையில் கிளம்புவது, உச்சி வெயிலில் அறைக்குத் திரும்பிவிடுவது, வெயில் தாழ்ந்த பிறகு மறுபடி இறங்குவது. நம் பள்ளிகளுக்கு விடுமுறை விடும் ஏப்ரல் மாதம்தான் பாங்காக்கிலும் ஆண்டிலேயே கொடுமையான வெயில். ஏப்ரல் 13 முதல் 15 வரை சோங்க்ரான் புத்தாண்டு. நம் சித்திரைப் பிறப்பின் அதே நாட்கள். தெருவெல்லாம் தண்ணீர் ஊற்றி விளையாடுவார்கள். பிள்ளைகளுக்கு அதைவிடக் கொண்டாட்டம் கிடையாது. ஆனால் சிறு கடைகள் பல அந்த நாட்களில் மூடியிருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு தேதி குறியுங்கள்.

இப்போது ஒரு நாள் எப்படிப் போகலாம் என்று சொல்கிறேன். மெட்ரோ ரயிலில் சனம் சாய் நிலையத்தில் இறங்குங்கள். பழைய நகரத்துக்குள் 2019-இல்தான் இந்தப் பாதை வந்தது; அதற்கு முன் இங்கே வரப் பேருந்தோ படகோ டாக்சியோதான். நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் பாக் குளோங் தலாட் பூச்சந்தை. இரவு முழுவதும் நடக்கும் சந்தை இது. விடிவதற்கு முன்தான் உச்சக் கூட்டம். காலை எட்டு மணிக்குப் போனாலும் மல்லிகை மொட்டும் சாமந்தியும் தாமரையும் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். நாம் பூவை நாரில் கட்டுகிறோம். அங்கே நீளமான ஊசியில் மொட்டுகளை வரிசையாகக் கோர்த்து, பிறகு நூலுக்கு மாற்றுகிறார்கள். நாம் பிள்ளையாருக்குச் சாத்தும் எருக்கம்பூ அங்கே கல்யாண மாலையில் இடம்பெறுகிறது. என் அம்மா ஒரு மாலைக்காரப் பெண்மணியின் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். இருவருக்கும் பொதுவான மொழி ஒன்றும் இல்லை. அந்த அம்மாள் ஊசியைக் கையில் கொடுத்து, மொட்டை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று காட்டினார். எந்த வழிகாட்டியும் இதை ஏற்பாடு செய்து தர முடியாது. நாங்கள் அவசரப்பட்டிருந்தால் இதுவும் கிடைத்திருக்காது.

பூச்சந்தையிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் பாஹுரத். ஒரு காலத்தில் வியட்நாமியர் குடியிருந்த பகுதி. 1898-இல் தீ விபத்தில் அழிந்தது. பிறகு அங்கே போட்ட சாலைக்கு ஐந்தாம் ராமர், சிறு வயதிலேயே இறந்துபோன தம் மகளின் பெயரை வைத்தார். அந்தச் சாலையில் துணிக்கடை போட்டவர்கள் பஞ்சாபிலிருந்து வந்த சீக்கியர்கள். அவர்களுடைய குருத்வாராவின் பொன்னிறக் குவிமாடம் இன்றும் கடைகளுக்கு மேலே தெரியும். புடவைத் துணி, ஜரிகை, திரைச்சீலை, தாய்லாந்து நாட்டிய உடைக்கான பளபளப்புத் துணி எல்லாம் கெஜக் கணக்கில் கிடைக்கும். பக்கத்திலேயே ஓல்ட் சயாம் என்ற வணிக வளாகத்தின் தரைத்தளத்தில் பழைய பலகாரங்களைக் கண்ணெதிரே செய்து விற்கிறார்கள். தங்க இழை போலிருக்கும் ஒரு பலகாரம் முட்டை மஞ்சள் கருவையும் சர்க்கரைப் பாகையும் கொண்டு செய்வது. போர்த்துகீசியர் வழியாக வந்தது. சைவக்காரர்கள் வாங்குமுன் கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்து சம்பேங். இருவர் எதிரெதிரே வந்தால் தோள் இடிக்கும் அளவுக்குக் குறுகிய சந்து. அதற்குள் கைவண்டியும் மோட்டார் சைக்கிளும் வரும். ரங்கநாதன் தெருவில் தீபாவளிக்கு முந்தின ஞாயிறு எப்படியோ, சம்பேங்கில் ஒவ்வொரு வேலை நாளும் அப்படி. பொத்தான், மணி, ரிப்பன், தலைக் கிளிப், பொம்மை, பரிசு சுற்றும் தாள் என்று சின்னச் சின்னப் பொருள்கள் எல்லாம் டஜன் கணக்கில் போகும். ஒன்று மட்டும் வேண்டும் என்றால் ஒரு விலை, ஒரு டஜன் என்றால் வேறு விலை. பாங்காக்கிலிருந்து நம் ஊருக்கு எல்லோருக்கும் ஏதாவது வாங்கிவர வேண்டும் என்ற கவலை உள்ளவர்களுக்கு இதைவிடச் சிறந்த இடம் எனக்குத் தெரியாது. பெரிய வணிக வளாகத்தில் ஒரு பொருளுக்குக் கொடுக்கும் பணத்தில் இங்கே தெருவில் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் வாங்கிவிடலாம்.

அங்கிருந்து யாவராட் சாலை. சிவப்பு நிறத்தில் அலங்கரித்த நகைக்கடைகள் வரிசையாக இருக்கும். நம் வீட்டுப் பெண்கள் இங்கே நிற்காமல் போகமாட்டார்கள் என்பதால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். நம் 22 காரட் நகையில் 91.6 சதவீதம் தங்கம். தாய்லாந்து நகையில் 96.5 சதவீதம். அதனால்தான் அது அவ்வளவு மஞ்சளாகத் தெரிகிறது, தொட்டால் மென்மையாகவும் இருக்கிறது. எடை அளவும் வேறு. பாட் என்பது அவர்களுடைய நாணயம் மட்டும் அல்ல, தங்கத்தின் எடையும் அதுதான். நகைக்கு ஒரு பாட் என்றால் 15.16 கிராம், நம் கணக்கில் இரண்டு சவரனுக்குச் சற்றுக் குறைவு. கடைச் சுவரில் எழுதியிருக்கும் விலை ஒரு பாட் எடைக்கான விலை, ஒரு கிராமுக்கானது அல்ல. தங்க வணிகர் சங்கம் அறிவிக்கும் விலைதான் எல்லாக் கடையிலும். செய்கூலி மட்டும் தனி. இவ்வளவும் தெரிந்துகொண்டு உள்ளே போனால் ஏமாற்றம் இருக்காது. எவ்வளவு தங்கம் வரியின்றிக் கொண்டுவரலாம் என்பதைக் கிளம்புவதற்கு முன்பே நம் சுங்கத் துறையின் விதிகளில் பார்த்துவிடுங்கள். விமான நிலையத்தில் தெரிந்துகொள்ளும் விஷயம் அல்ல அது.

யாவராட்டின் கோடியில் வாட் திரைமித் என்ற கோயில். அங்கே இருக்கும் புத்தர் ஐந்தரை டன் எடையுள்ள தங்கச் சிலை. நெடுங்காலம் அது சுண்ணாம்புச் சாந்து பூசிய சாதாரணச் சிலையாகத்தான் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 1955-இல் புதுக் கட்டடத்துக்குத் தூக்கி மாற்றும்போது கீழே விழுந்து சாந்து பெயர்ந்தது. உள்ளே தங்கம் மின்னியது. படையெடுப்புக்குப் பயந்து யாரோ எப்போதோ மூடி மறைத்த சிலை என்று கருதுகிறார்கள். என் பெண்கள் அந்தக் கோயிலில் கேட்ட கேள்விகளுக்கு எல்லையே இல்லை. அன்றைய நடை அங்கேயே முடிந்தது. பூச்சந்தையிலிருந்து அந்தக் கோயில் வரை எல்லாம் சேர்ந்து இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான். அதற்குள் வியட்நாமியர், சீக்கியர், சீனர் என்று மூன்று சமூகங்களின் வரலாற்றைக் கடந்துவிட்டோம், கையில் பைகளும் நிறைந்துவிட்டன.

பேரரண்மனையைப் பற்றி நீண்ட நேரம் பேசமாட்டேன். அதைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். காலை 8.30-க்குத் திறக்கும்போதே உள்ளே போய்விடுங்கள். வெளிநாட்டினருக்குக் கட்டணம் 500 பாட். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். உள்ளே மரகதப் புத்தர் கோயிலின் சுற்றுச்சுவர் மண்டபத்தில் 178 ஓவியங்களில் ராமகியன், அதாவது அவர்களுடைய ராமாயணம், வரிசையாக ஓடுகிறது. மரகதப் புத்தரைப் பார்க்கும் அவசரத்தில் பலர் அதைப் பார்க்காமலே வெளியேறிவிடுகிறார்கள். பத்துத் தலை எங்கே, சேது கட்டும் குரங்குகள் எங்கே என்று பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள். பாட்டிதான் கதை சொல்ல வேண்டும். அந்த இடத்தில் குடும்பத்திலேயே அதிகம் தெரிந்தவர் அவர்தான்.

அரண்மனை மதிலுக்கு வெளியே நல்ல உடையணிந்த ஒருவர் வந்து, இன்று அரண்மனை மூடியிருக்கிறது, வேறு கோயில் காட்டுகிறேன், குறைந்த காசுக்கு துக்-துக் ஏற்பாடு செய்கிறேன் என்பார். அந்த வண்டி கடைசியில் ரத்தினக் கல் கடையிலோ தையல் கடையிலோ போய் நிற்கும். பல்லாண்டுகளாக நடக்கும் ஏமாற்று இது. அரச குடும்பச் சடங்குகள் இல்லாத நாட்களில் அரண்மனை திறந்தே இருக்கும். வாசல் வரை நடந்து போய் நீங்களே பாருங்கள். ஏதும் தொல்லை என்றால் சுற்றுலாக் காவலர் எண் 1155.

துணி வாங்கப் போகிறவர்களுக்குப் பிரதுநாம். சென் செப் கால்வாயின் மதகு இருந்த இடம் அது. மூன்றாம் ராமர் காலத்தில், 1837 தொடங்கி 1840 வரை, கிழக்கே போர்முனைக்குப் படைகளையும் பொருள்களையும் அனுப்புவதற்காக வெட்டிய கால்வாய். இன்று அதில் பயணிகள் படகு ஓடுகிறது. தண்ணீர் தெறிக்காமலிருக்கப் பயணிகளே கயிற்றை இழுத்துப் பக்கவாட்டுத் தார்ப்பாயை உயர்த்திக்கொள்கிறார்கள். நடத்துநர் தலைக்கவசம் போட்டுக்கொண்டு படகின் வெளி விளிம்பில் நடந்தபடி காசு வாங்குகிறார். இளைஞர்களுக்கு மறக்க முடியாத பயணம். ஆனால் படகு துறையில் சில நொடிகள்தான் நிற்கும். ஆடும் படகுக்குள் தாவி இறங்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களையும் கைக்குழந்தையையும் இதில் ஏற்றாதீர்கள். அவர்களுக்குப் பெரிய ஆற்றில் ஓடும் படகு போதும்.

இந்தக் கால்வாயின் கரையில், பிரதுநாமுக்குச் சற்று மேற்கே, பான் க்ருவா என்ற குடியிருப்பு இருக்கிறது. சாம் என்ற இனத்தைச் சேர்ந்த முஸ்லிம்கள் வாழும் இடம். அரசருக்காகப் போரிட்ட முன்னோர்களுக்குக் கிடைத்த நிலம். பட்டு நெய்வது அவர்களுடைய தொழில். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜிம் தாம்சன் என்ற அமெரிக்கர் இவர்கள் நெய்த பட்டை வாங்கி உலகச் சந்தைக்குக் கொண்டுபோனார். 1967-இல் மலேசியாவின் கேமரன் மலைக்குப் போன இடத்தில் காணாமல் போனார். இன்றுவரை தடயம் இல்லை. அவருடைய தேக்கு வீடு இப்போது அருங்காட்சியகம். எல்லோரும் அந்த வீட்டைப் பார்க்கிறார்கள். கால்வாயின் எதிர்க்கரையில் இருக்கும் நெசவாளர் குடியிருப்பை எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. காஞ்சிபுரத்திலும் ஆரணியிலும் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த நாம் அந்தக் கரைக்கும் போக வேண்டும்.

பிரதுநாமில் மூன்று துணி எடுத்தால் பெரும்பாலும் மொத்த விலை தருவார்கள். கடைக்காரர் கால்குலேட்டரில் விலையைத் தட்டிக் காட்டுவார். நாம் நம் விலையைத் தட்டிக் காட்டலாம். பேரம் பேசுவது அங்கே குற்றமே இல்லை. முகம் கடுத்துக் குரலை உயர்த்துவதுதான் அவர்களுக்குப் பெரிய அவமரியாதை. பத்துக் கடை ஏறி இறங்கி, ஒப்புக்கொண்ட விலைக்கு வாங்காமல் எழுந்து போகும் பழக்கத்தை நம் ஆட்களிடம் பார்த்திருக்கிறேன். இது எனக்கு வருத்தம் தருகிறது. நமக்குப் பின்னால் வரும் இன்னொரு குடும்பத்தைத்தான் அந்தக் கடையில் வாடிய முகத்தோடு வரவேற்பார்கள். பெரிய கடை ஒன்றில் ஒரே நாளில் 2,000 பாட்டுக்கு மேல் வாங்கினால், 7 சதவீத மதிப்புக் கூட்டு வரியில் பெரும்பகுதியை விமான நிலையத்தில் திரும்பப் பெறலாம். வாங்கும் இடத்திலேயே பாஸ்போர்ட்டைக் காட்டிப் படிவம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

சனி, ஞாயிறு என்றால் சாத்துசாக். 15,000-க்கு மேற்பட்ட கடைகள், 27 பிரிவுகள். 1982-இல் இந்த இடத்துக்கு வந்த சந்தை. உள்ளே நுழையும்போதே மணிக்கூண்டைக் காட்டி, பிரிந்துபோனால் எல்லோரும் இங்கே வந்து நிற்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். தொலைபேசியை நம்பாதீர்கள், கூட்டத்தில் மணி அடிப்பது கேட்காது. ஹோட்டல் முகவரியைத் தாய் எழுத்தில் அச்சிட்ட அட்டை ஒன்று ஒவ்வொருவர் பையிலும் இருக்கட்டும். மாலை 6 மணிக்கு ஒலிபெருக்கியில் தேசிய கீதம் ஒலிக்கும். கூட்டம் முழுவதும் அப்படியே நிற்கும். நாமும் நிற்க வேண்டும். புத்தர் சிலையை வீட்டு அலங்காரத்துக்கு வாங்குவதை அந்த மக்கள் விரும்புவதில்லை. நுண்கலைத் துறையின் அனுமதி இல்லாமல் அதை வெளியே கொண்டுபோகவும் முடியாது.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. காய்கறி மட்டும் என்று சொன்னாலும் மீன் சாறு விட்டுவிடுவார்கள். அவர்களுக்கு அது உப்பு மாதிரி. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்ட கடைகளைத் தேடுங்கள். "ஜே" உணவு என்பார்கள். இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் இல்லை. பூண்டு, வெங்காயம்கூடச் சேர்க்கமாட்டார்கள்.

தமிழர்களாகிய நாம் பார்க்க வேண்டிய இரண்டு இடங்களைச் சொல்லாமல் முடிக்க முடியாது. சீலோம் சாலையில் மகா மாரியம்மன் கோயில். 19-ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் கட்டியது. இன்று அர்ச்சனைத் தட்டோடு வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்து மக்கள். நவராத்திரி முடிவில் அம்மன் வீதியுலா வரும்போது அந்தப் பெரிய வணிகச் சாலையையே அடைத்துவிடுகிறார்கள். இன்னொன்று, பழைய நகரத்தில் சிவப்புத் தேக்கு ஊஞ்சல் கம்பத்துக்கு அருகே தேவஸ்தான். அரசவைப் பிராமணர்களின் கோயில். அங்கே மார்கழியை ஒட்டி நடக்கும் திரியம்பவாய் என்ற சடங்கில், நம் திருவெம்பாவையிலிருந்து வந்த பாடல்களை, உச்சரிப்பு உருமாறிப்போன நிலையில் இன்றும் ஓதுகிறார்கள். அந்தச் சடங்கின் ஊஞ்சலாட்டம் 1935-இல் நின்றுவிட்டது. ஓதுவது நிற்கவில்லை. ஷாப்பிங் போகும் வழியில் அரை மணி நேரம் அங்கே நிற்க முடியாதா நம்மால்?

இந்தக் கோடைக்கு விமானச் சீட்டு எடுத்துவிட்டவர்கள் இந்த அரங்கிலும் இருப்பீர்கள். உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான்: இன்று வீட்டுக்குப் போனதும் அந்த இரண்டு பட்டியல்களையும் எடுத்து ஒன்றாக எழுதுங்கள். அதில் பாதியை அடித்துவிடுங்கள். பூச்சந்தையிலிருந்து யாவராட் வரையிலான நடைக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். எந்த நாளை எதற்கு வைப்பது என்பதை வீட்டிலேயே மூத்தவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.